நெல்லின் ஏட்டைத் திருத்தும் கருவிகள்

நுழையும்முன்

ஓலைச்சுவடியில் ஓரெழுத்து மாறினால் பாடலின் பொருளே மாறிவிடும். உயிரணுவுக்குள்ளும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு சுவடி உண்டு. அதனைப் படிக்கக் கற்ற மனிதன், இப்போது திருத்தவும் கற்றிருக்கிறான். திருத்தும் கருவிகள் எங்கிருந்து கிடைத்தன? ஒன்று இருக்கையில் வேறொன்றைத் தேடுவது ஏன்? அவை யாருடைய உடைமை? நெல்லை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

ஏரிக்கரையில் எழும் வினா

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலைநகர் ஆகிய நிலையங்களைக் கடந்து சிங்கப்பெருமாள் கோவிலை அடைகிறது. குன்றைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோவிலால் பெயர்பெற்ற ஊர் அது. நெடுஞ்சாலையை ஒட்டித் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்துவிட்டன. சற்று உள்ளே சென்றால் ஏரிநீரை நம்பிய நெல்வயல்களைக் காணலாம்.

ஏரிகள் மிகுந்த மாவட்டம் எனப் பெயர்பெற்றது செங்கல்பட்டு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று பருவங்களில் இங்கு நெல் பயிரிடப்படுகிறது. ஏரி நிரம்பினால் நவரைக்கும் நீர் கிடைக்கும். மழை பொய்த்தால் ஒரு பருவமே ஐயத்திற்குரியதாகிவிடும். மாவட்டத்தின் கிழக்கெல்லை கடல். கேளம்பாக்கம், செய்யூர்ப் பகுதிகள் உப்பளங்களுக்குப் பெயர்பெற்றவை. கடலோரத்தில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைக்கும்போது உவர்நீர் உள்ளே புகுகிறது.

விளைநிலம் சுருங்குகிறது, நீர் குறைகிறது, மண்ணில் உப்பு ஏறுகிறது, உண்போரின் எண்ணிக்கையோ குறையவில்லை. குறைந்த நாளில் விளைந்து, குறைந்த நீரில் வாழ்ந்து, உப்பையும் ஓரளவு தாங்கி நிற்கும் நெல் வேண்டும். அந்நெல்லை எங்ஙனம் பெறுவது?

உயிரணுவின் சுவடி

நெற்பயிரின் ஒவ்வோர் உயிரணுவிலும் 12 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் அமைந்துள்ள டி.என்.ஏ. என்னும் மூலக்கூறே அப்பயிரின் சுவடி. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்களே அச்சுவடியின் எழுத்துகள். அடினினுக்கு எதிரே தைமினும் குவானினுக்கு எதிரே சைட்டோசினும் இணைந்து நிற்பது அதன் இலக்கணம். நெல்லின் சுவடியில் ஏறத்தாழ 39 கோடி எழுத்திணைகள் உள்ளன. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் கூட்டுமுயற்சியால் இச்சுவடி 2005ஆம் ஆண்டு முழுமையாகப் படித்தறியப்பட்டது.

சுவடியில் பொருள் தரும் ஒரு பகுதியை மரபணு என்கிறோம். அதன் எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைச் சுட்டும். அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுப் புரதமாகின்றன. கதிரில் எத்தனை மணி பிடிக்க வேண்டும், இலைத்துளை எப்போது மூட வேண்டும் என்பனவற்றையெல்லாம் புரதங்களே நடத்துகின்றன.

ஏடு பெயர்த்து எழுதுவோர் கை தவறுவதுபோல், உயிரணு தன் சுவடியைப் படியெடுக்கும்போதும் பிழைகள் நேர்கின்றன. அவற்றிற் பல பயனற்றவை, சில தீங்கானவை, அரிதாகச் சில நன்மை தருபவை. வயலில் வேறுபட்டு நின்ற ஒரு கதிரைக் கண்டு, அதனை மட்டும் தனியே எடுத்து வைத்த உழவர்தாம் உலகின் முதல் பயிர் அறிவியலாளர்கள்.

> தெரியுமா?
> கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921இல் வெளியிட்ட 'ஜி.இ.பி. 24' என்னும் நெல், இயற்கையாகத் தோன்றிய மரபணு மாற்றத்திலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது. கிச்சிலிச் சம்பா என மக்கள் அழைத்த அந்நெல், பின்னாளில் எண்ணற்ற நெல்வகைகளுக்கு மூதாதையாயிற்று. தமிழகத்தில் 'ஆந்திரா பொன்னி' என்று அறியப்படும் சாம்பா மசூரியும் அவ்வழியில் வந்ததே.

கலப்பு முதல் திருத்தம் வரை

விரும்பிய பண்பைப் பெற மனிதன் கண்ட முதல் வழி கலப்பு. ஒரு நெல்லின் மகரந்தத்தை இன்னொன்றின் சூலகத்தில் சேர்த்து, பிறக்கும் வழித்தோன்றல்களுள் நல்லவற்றைத் தெரிவுசெய்வர். இவ்வழியில் வேண்டிய பண்போடு வேண்டாத பண்புகளும் வந்து சேரும். அவற்றைக் களைவதற்குப் பல தலைமுறைகள் தேவைப்படும்.

இரண்டாம் வழி, கதிர்வீச்சாலோ வேதிப்பொருளாலோ விதையில் மாற்றங்களைத் தூண்டுவது. எந்த எழுத்து மாறும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்து, நல்வாய்ப்பாகக் கிடைத்த ஒன்றைத் தேட வேண்டும்.

மூன்றாம் வழி, வேறோர் உயிரியின் மரபணுவைப் பயிருக்குள் சேர்க்கும் மரபணு மாற்றம். சென்னை, தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உவர்நீரில் வாழும் வெண்கண்டல் என்னும் அலையாத்தித் தாவரத்தின் மரபணுவை நெல்லில் சேர்த்து ஆய்ந்தமை இவ்வகையைச் சார்ந்தது. 2002இல் இந்தியாவில் பயிரிட இசைவளிக்கப்பட்ட பி.டி. பருத்தியும் இவ்வகையினதே. அயல் மரபணு புகுவதால், இவ்வகைப் பயிர்கள் கடுமையான ஆய்வுக்கும் நீண்ட விவாதத்திற்கும் உள்ளாகின்றன.

நான்காம் வழியே மரபணுத் திருத்தம். சுவடிக்குள் புதிய ஏட்டைச் செருகாமல், உள்ள ஏட்டில் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் எழுத்தை நீக்குவது அல்லது மாற்றுவது அதன் நோக்கம். 39 கோடி எழுத்துகளில் உரிய இடத்தைக் கண்டுபிடிப்பதே அதிலுள்ள இடர்ப்பாடு.

பாக்டீரியா கற்றுத்தந்த பாடம்

இவ்விடர்ப்பாட்டுக்கு விடை, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவிடம் இருந்தது. 1987இல் சப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர் யோசிசுமி இசினோவும் அவர்தம் குழுவினரும் ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் ஒரே தொடர் மீண்டும் மீண்டும் இடைவெளிவிட்டு வருவதைக் கண்டனர். அதன் பயன் அப்போது விளங்கவில்லை. இடைவெளிகளில் இருந்தவை, பாக்டீரியாவை முன்பு தாக்கிய வைரசுகளின் டி.என்.ஏ. துணுக்குகள் என்பது பின்னர்த் தெரியவந்தது.

காவல்நிலையத்தில் பழைய குற்றவாளிகளின் படங்களைச் சேர்த்துவைப்பதுபோல், பாக்டீரியா தன் பகைவரின் அடையாளத்தைச் சேர்த்துவைக்கிறது. அதே வைரசு மீண்டும் நுழைந்தால், சேமித்த அடையாளத்திற்கேற்ற ஆர்.என்.ஏ. வழிகாட்ட, உடன்செல்லும் புரதம் வைரசின் டி.என்.ஏ.வை வெட்டிவிடுகிறது. இத்தற்காப்பு முறைக்குக் 'கிரிஸ்பர்' என்று பெயர். வெட்டும் புரதங்களுள் புகழ்பெற்றது 'காஸ்9'.

வழிகாட்டும் ஆர்.என்.ஏ.வை நாமே எழுதிக்கொடுத்தால், நாம் காட்டும் இடத்தைக் காஸ்9 வெட்டும் என்பதை 2012இல் இம்மானுவேல் சார்ப்பெந்தியேவும் செனிபர் டவுட்னாவும் மெய்ப்பித்தனர். இதற்காக 2020ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. 2013இலேயே இக்கருவி நெல்லிலும் கோதுமையிலும் பயன்படுத்தப்பட்டுவிட்டது.

வழிகாட்டியில் இடத்தைச் சுட்டும் பகுதி 20 எழுத்துகள் நீளமுடையது. நான்கு எழுத்துகளைக் கொண்டு 20 இடங்களை நிரப்ப ஒரு இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உள்ளன. நெல்லின் சுவடியோ 39 கோடி எழுத்திணைகளே உடையது. ஆகவே, ஒரே முகவரி தற்செயலாக இரண்டு இடங்களில் அமைவது மிக அரிது. எனினும் ஓரிரு எழுத்துகள் மட்டும் வேறுபடும் இடங்கள் இருக்கக்கூடும். அங்கும் தவறி வெட்டு விழலாம். அதனால் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதும், திருத்தியபின் சுவடியை மீண்டும் படித்துச் சரிபார்ப்பதும் இன்றியமையாதவை.

வெட்டுப்பட்ட டி.என்.ஏ.வை உயிரணு தானே விரைந்து ஒட்டிக்கொள்கிறது. அவ்வாறு ஒட்டும்போது சில எழுத்துகள் விடுபடும் அல்லது கூடும். மும்மூன்றாகப் படிக்கும் ஒழுங்கு குலைந்து, அம்மரபணு செயலிழக்கும். கருவி செய்வது வெட்டு. திருத்தத்தை முடித்துவைப்பது உயிரணு.

கருவியைப் பயிருக்குள் கொண்டுசெல்லும் அக்ரோபாக்டீரியம் என்னும் மண்வாழ் பாக்டீரியா, காஸ்9 மரபணுவைப் பயிரின் சுவடியில் சேர்த்துவிடுகிறது. அதனை எவ்வாறு நீக்குவது? மெண்டல் கண்ட தனித்துப் பிரிதல் விதி இங்குத் துணைசெய்கிறது. அடுத்த தலைமுறைச் செடிகளுள், திருத்தம் மட்டும் இருந்து கருவி இல்லாதவற்றைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

இந்திய வயலுக்கு வந்த இரு நெல்வகைகள்

2025 மே 4ஆம் நாள், மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரண்டு நெல்வகைகளை இந்திய அரசு அறிவித்தது.

முதலாவது, ஐதராபாத்திலுள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'டி.ஆர்.ஆர். தன் 100'. இதற்குக் 'கமலா' என்றும் பெயர். சாம்பா மசூரியே இதன் மூலம். பயிரின் வளர்ச்சியைத் தூண்டும் இயக்குநீர்களுள் ஒன்று சைட்டோகைனின். அதனைச் சிதைக்கும் நொதியை உருவாக்கும் மரபணு, நெல்லில் உண்டு. அம்மரபணுவைத் திருத்திச் செயல்குறைத்தால், கதிரின் இளம்பருவத்தில் சைட்டோகைனின் மிகுந்து மணிகள் கூடுதலாகப் பிடிக்கின்றன. மூலநெல்லைவிடச் சராசரியாக 19 விழுக்காடு கூடுதல் விளைச்சலைத் தருவதுடன், ஏறத்தாழ 20 நாள் முன்னதாகவே கமலா முதிர்கிறது என்று இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் அறிவித்தது. ஏரிநீரைக் கணக்கிட்டுச் செலவிடும் உழவர்க்கு 20 நாள் என்பது சிறிய செய்தியன்று.

இரண்டாவது, புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'பூசா டி.எஸ்.டி. நெல் 1'. 'எம்.டி.யு. 1010' என்னும் நெல் இதன் மூலம். வறட்சி, உப்பு ஆகியவற்றைத் தாங்கும் ஆற்றலின் பெயரால் டி.எஸ்.டி. என வழங்கும் மரபணு, உண்மையில் அவ்வாற்றலுக்குக் கடிவாளமாகவே நிற்கிறது. அது செயலிழந்தால், இலைத்துளைகள் நீரிழப்பைத் தடுக்கும் வகையில் விரைந்து மூடிக்கொள்கின்றன. துளைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எம்.டி.யு. 1010இன் இம்மரபணுவிலிருந்து 366 எழுத்துகள் நீக்கப்பட்டன. அச்செடிகளின் இலைகள் அகன்றிருந்தன. நீரைத் தக்கவைக்கும் திறனும், நாற்றுப்பருவத்தில் உப்பைத் தாங்கும் திறனும் உயர்ந்திருந்தன.

இவ்விரு நெல்வகைகளும் பயிரிடப் பரிந்துரைக்கப்பட்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. கோயம்புத்தூரில் நூறாண்டுக்கு முன் தெரிந்தெடுக்கப்பட்ட ஜி.இ.பி. 24இன் வழிவந்த சாம்பா மசூரி, திருத்தப்பட்ட வடிவில் மீண்டும் தமிழகத்தை நோக்கி வருகிறது.

ஒரு கருவி போதாதா?

காஸ்9 இருக்கையில் வேறு கருவிகளை ஏன் தேட வேண்டும்? அதற்கு நான்கு காரணங்கள் உள்ளன.

முதலாவது, இடம். காஸ்9 தான் விரும்பிய இடத்திலெல்லாம் அமராது. வெட்ட வேண்டிய இடத்தையடுத்து இரண்டு குவானின் எழுத்துகள் அருகருகே இருந்தால்தான் அது டி.என்.ஏ.வைப் பற்றும். இதனை அடையாளக் குறி எனலாம். குறி இல்லாத இடத்தில் முகவரி பொருந்தினாலும் பயனில்லை. 2015இல் அறிமுகமான 'காஸ்12ஏ' தைமின் மிகுந்த குறியைத் தேடுவது. ஆதலால் காஸ்9 அணுக முடியாத பகுதிகள் அதற்கு எட்டின. காஸ்9இன் வடிவத்தைச் சிறிதே மாற்றி, ஏறத்தாழ எந்தக் குறியையும் ஏற்கும் வகைகளையும் 2020இல் அறிவியலாளர்கள் உருவாக்கினர்.

இரண்டாவது, வெட்டும் முறை. மரபணுவைச் செயலிழக்கச் செய்ய வெட்டு போதும். ஓரெழுத்தை மட்டும் இன்னோர் எழுத்தாக்க வேண்டுமாயின் வெட்டு முரட்டுத்தனமானது. ஏட்டில் ஓரெழுத்தைத் திருத்த ஏட்டையே இரண்டாக அறுப்பவர் இலர். 2016இல் வெளிவந்த 'கார மூலத் திருத்தி' டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் அறுக்காமல், சைட்டோசினைத் தைமினாக மாற்றிக் காட்டியது. அடுத்த ஆண்டில் அடினினைக் குவானினாக மாற்றும் திருத்தி வந்தது. 2019இல் வந்த 'முதன்மைத் திருத்தி', புதிய எழுத்துகளைத் தன் வழிகாட்டியிலேயே சுமந்துசென்று உரிய இடத்தில் எழுதிவிடுகிறது. மூன்றையும் உருவாக்கியது அமெரிக்க வேதியியலாளர் டேவிட் லியூவின் ஆய்வகம். முதற்கருவி கத்தரி என்றால், பின்வந்தவை எழுத்தாணிகள்.

மூன்றாவது, பருமன். காஸ்9 புரதத்தில் 1368 அமினோ அமிலங்கள் உள்ளன. அதற்குரிய மரபணு 4100 எழுத்துகளைத் தாண்டும். பயிருக்குள் கருவியைக் கொண்டுசெல்ல எளிய வாகனங்களுள் ஒன்று தாவர வைரசு. தாவர வைரசுகள் பலவற்றால் இவ்வளவு பெரிய சுமையைத் தாங்க இயலாது.

நான்காவது, உரிமை. கிரிஸ்பர்-காஸ்9 தொடர்பான காப்புரிமைகள் பெரும்பாலும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் நிறுவனங்களிடமும் உள்ளன. ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்துவது ஒன்று. விதையாக்கிச் சந்தைக்குக் கொண்டுவருவது வேறொன்று. பின்னதற்கு உரிமம் பெற வேண்டியிருக்கலாம். அதற்கான செலவு இறுதியில் விதையின் விலையாக உழவரின் தலையில் விழக்கூடும். கருவி யாருடையது என்னும் வினா, விதை யாருடையது என்னும் வினாவாக மாறுவது இவ்விடத்தில்தான்.

கட்டாக்கில் உருவான சிறு கருவி

1940களில் அமெரிக்க அறிவியலாளர் பார்பரா மெக்கிளின்டாக் மக்காச்சோள மணிகளின் நிறப்புள்ளிகளை ஆராய்ந்து, சுவடிக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குத் தாவும் மரபுக்கூறுகள் உண்டு என்று கண்டார். பலர் அதனை உடனே ஏற்கவில்லை. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய தாவும் கூறுகள் பாக்டீரியாவிலும் உள்ளன. அவற்றுள் சில, 'டி.என்.பி.பி.' என்னும் சிறு புரதத்தை உண்டாக்கும் மரபணுவைச் சுமந்திருந்தன. அப்புரதமும் ஆர்.என்.ஏ. வழிகாட்ட டி.என்.ஏ.வை வெட்டுகிறது என்பதை 2021இல் லிதுவேனியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வுக்குழுக்கள் வெளிப்படுத்தின. காஸ்12 வகைப் புரதங்கள் தோன்றுவதற்கு இதுவே மூதாதையாக இருந்திருக்க வேண்டும் என்பது அறிவியலாளர் கருத்து.

ஒடிசா மாநிலம் கட்டாக்கில் 1946ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், குதுபுதீன் மொல்லா என்னும் அறிவியலாளரின் குழு இதனைப் பயிருக்கேற்ற கருவியாக்க முனைந்தது. கடுங்கதிர்வீச்சையும் தாங்கி வாழும் 'டைனோகாக்கசு ரேடியோடியூரன்சு' என்னும் பாக்டீரியாவிலிருந்து பெற்ற டி.என்.பி.பி. புரதத்தை அக்குழு தேர்ந்தெடுத்தது. அதில் உள்ளவை 408 அமினோ அமிலங்களே. காஸ்9இன் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

பாக்டீரியாவின் புரதம் பயிரின் உயிரணுவில் அப்படியே இயங்கிவிடாது. பயிர் படிக்கும் முறைக்கேற்ப அதன் மரபணுவை மாற்றியெழுத வேண்டும், உட்கருவுக்குள் நுழைவதற்கான முத்திரையைச் சேர்க்க வேண்டும், வழிகாட்டும் ஆர்.என்.ஏ.வைப் பொருத்தமான அளவில் சுரக்கச் செய்ய வேண்டும். செல்சுவர் நீக்கிய நெல் உயிரணுக்களில் பல வடிவங்களைச் சோதித்த பின்னரே சிறந்ததைத் தேர்ந்தனர். ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் ஆகிய இரண்டிலும் அது செயற்பட்டது. வெட்டும் ஆற்றலை நீக்கிவிட்டு, மரபணுவைத் தூண்டும் கருவியாகவும் எழுத்தை மாற்றும் கருவியாகவும் அதனைப் பயன்படுத்தலாம் என்பதையும் அக்குழு காட்டியது. இவ்வாய்வு 2024இல் வெளிவந்தது. இம்முறைக்கு இந்தியக் காப்புரிமை 2025இல் வழங்கப்பட்டது.

சிறிய கருவியால் விளையும் நன்மைக்கு ஒரு சான்று 2025இல் அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. டி.என்.பி.பி. குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரதத்தைப் புகையிலைச் செடியைத் தாக்கும் ஒரு வைரசில் ஏற்றி, அராபிடாப்சிசு என்னும் சிறு செடிக்குள் செலுத்தினர். அடுத்த தலைமுறை விதைகளில் திருத்தம் இருந்தது, அயல் டி.என்.ஏ. இல்லை. பயிருக்குள் கருவியின் மரபணுவைச் சேர்த்துப் பின்னர் நீக்கும் நீண்ட வேலை அங்குத் தேவைப்படவில்லை.

டி.என்.பி.பி.க்கும் குறைகள் உண்டு. அது தேடும் அடையாளக் குறி ஐந்தெழுத்து நீளமுடையது. இரண்டெழுத்துக் குறியைக் காட்டிலும் ஐந்தெழுத்துக் குறி சுவடியில் அரிதாகவே வரும். ஆகவே, இது காஸ்9ஐ அகற்றிவிடும் கருவியன்று. தச்சரின் பையில் வாள், உளி, இழைப்புளி என ஒவ்வொன்றுக்கும் இடமிருப்பதுபோல், பயிர் அறிவியலாளரின் பையில் இதுவும் ஒன்று.

> தெரியுமா?
> மரபணுத் திருத்தம் நெல்லோடு நின்றுவிடவில்லை. மொகாலியிலுள்ள தேசிய வேளாண் உணவு உயிரித்தொழில்நுட்ப நிறுவனம், பீட்டா கரோட்டின் மிகுந்த வாழையைக் கிரிஸ்பர் முறையில் உருவாக்கி 2020இல் ஆய்வு முடிவை வெளியிட்டது. சப்பானில் 2021ஆம் ஆண்டு திருத்தப்பட்ட தக்காளி விற்பனைக்கு வந்தது.

வரையறையும் விவாதமும்

2022 மார்ச் 30ஆம் நாள், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் ஆணையை வெளியிட்டது. அயல் டி.என்.ஏ. இல்லாத இருவகைத் திருத்தப் பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்குரிய 1989ஆம் ஆண்டு விதிகளின் சில கடுமையான பிரிவுகளிலிருந்து அது விலக்களித்தது. இயற்கையில் நிகழும் மாற்றத்திலிருந்து இத்திருத்தத்தை வேறுபடுத்திக் காண இயலாது என்பது இதற்குக் கூறப்படும் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ 2018இல் மாறான தீர்ப்பை வழங்கியது. திருத்தப்பட்ட பயிரும் மரபணு மாற்ற உயிரிகளுக்கான சட்டத்திற்கு உட்பட்டதே என்று அது கூறியது. ஒரே அறிவியலை இரு சமூகங்கள் இருவேறு வகையில் அளந்தன.

விதை உரிமை அமைப்புகளும் உழவர் அமைப்புகள் சிலவும் இந்தியாவின் விலக்கை எதிர்க்கின்றன. தவறான இடத்தில் வெட்டு விழுந்திருந்தால் அதனை யார் கண்டறிவது? வயல் சோதனைகளின் முழுத் தரவுகளும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டனவா? உண்பவர் அறியும்படி பொதிகளில் குறிப்பிட வேண்டாவா? இவை அவர்கள் எழுப்பும் வினாக்கள். அறிவிக்கப்பட்ட விளைச்சல் கணக்கின்மீதும் ஐயம் எழுப்பப்பட்டுள்ளது. இவ்வினாக்களை அறிவியலுக்கு எதிரானவை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. தரவுகளை வெளிப்படையாக வைத்துச் சரிபார்ப்பதே அறிவியலின் இயல்பு.

விதையின் உரிமை குறித்து நம் நாட்டில் ஒரு பாதுகாப்பு உண்டு. 2001ஆம் ஆண்டின் பயிர்வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தாம் விளைவித்த விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் வணிகப் பெயரிடாமல் விற்கவும் உழவர்க்கு உரிமை தருகிறது. புதிய கருவிகளின் காப்புரிமைகள் இவ்வுரிமையை அரித்துவிடாமல் காப்பது சமூகத்தின் பொறுப்பு.

இன்னொன்றையும் மறத்தலாகாது. திருத்துவதற்கு மூலச் சுவடி வேண்டும். உவர்நிலத்தில் விளையும் உவர்முண்டான், வறட்சியையும் உப்பையும் தாங்கும் குழியடிச்சான் போன்ற மரபு நெல்வகைகள், எந்த எழுத்து எப்பண்பைத் தருகிறது என்பதைக் கற்பிக்கும் பாடநூல்கள். நெல் செயராமன் ஊர் ஊராகச் சென்று 170க்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளைத் திரட்டினார். பல சுவடிகளை ஒப்புநோக்கிய பின்னரே உ.வே.சாமிநாதர் சரியான பாடத்தை முடிவுசெய்தார். சுவடிகள் அழிந்துபோயிருந்தால் பதிப்புக்கு இடமேது? மரபு விதையைக் காப்பதும் மரபணுவைத் திருத்துவதும் பகையான பணிகள் அல்ல. முன்னது இல்லையேல் பின்னது இல்லை.

மீண்டும் ஏரிக்கரையில்

ஏரியைத் தூர்வாராமல், வரத்துக் கால்வாயை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்காமல், விளைநிலத்தை மனைகளாக்கிவிட்டு, நெல்லை மட்டும் திருத்தினால் உணவுப் பாதுகாப்பு வந்துவிடாது. எந்தத் திருத்தமும் நீரில்லாத வயலில் நெல்லை விளைவிக்காது. இருக்கும் நீரில், இருக்கும் மண்ணில், கூடுதலாக ஒரு மூட்டை கிடைக்க வழியிருந்தால் அவ்வழியை அறியாமல் விடுவதும் அறிவுடைமை ஆகாது.

ஒரு காலத்தில் உழவர் வயலில் நின்று வேறுபட்ட கதிரைக் கண்டெடுத்தார். இன்று ஆய்வாளர் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து அக்கதிரை எழுதுகிறார். கண்டெடுத்த விதையை உழவர் அண்டை வீட்டாருக்கும் அளித்தார். அதனால்தான் நெல் பல்லாயிரம் வகையாகப் பெருகியது. புதிய கருவிகளால் பிறக்கும் விதைக்கும் அப்பண்பு வாய்க்குமா என்பதை ஆய்வகம் மட்டும் முடிவுசெய்ய இயலாது. சட்டம் இயற்றுவோரும், உழவரும், உண்பவரும், நாளை ஆய்வகத்திலும் வயலிலும் நிற்கப்போகும் மாணவரும் சேர்ந்து எழுத வேண்டிய விடை அது.

கலைச்சொல் விளக்கம்

அடையாளக் குறி – வெட்டும் புரதம் டி.என்.ஏ.வைப் பற்றுவதற்கு வேண்டிய சிறு எழுத்துத்தொடர்
வழிகாட்டி ஆர்.என்.ஏ. – திருத்த வேண்டிய இடத்தின் முகவரியைச் சுமக்கும் மூலக்கூறு
கார மூலத் திருத்தி – டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் அறுக்காமல் ஓரெழுத்தை மாற்றும் கருவி
தாவும் மரபுக்கூறு – சுவடிக்குள் இடம்விட்டு இடம் பெயரும் டி.என்.ஏ. பகுதி
காப்புரிமை – புதிதாகக் கண்டறிந்ததைக் குறிப்பிட்ட காலம்வரை பயன்கொள்ளச் சட்டம் தரும் தனியுரிமை

கற்பவை கற்றபின்

1. மரபணு மாற்றம், மரபணுத் திருத்தம் – இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. டி.எஸ்.டி. மரபணுவிலிருந்து நீக்கப்பட்ட 366 எழுத்துகள் எத்தனை அமினோ அமிலங்களுக்குரியவை? கணக்கிட்டு, மும்மூன்றாகப் படிக்கும் ஒழுங்கு குலைந்ததா எனக் காரணத்துடன் எழுதுக.
3. உங்கள் ஊரில் முன்பு பயிரிடப்பட்டு இப்போது மறைந்துபோன நெல்வகைகளின் பெயர்களையும் பண்புகளையும் முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.
4. 'மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு விலக்களித்தது சரியே / சரியன்று' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.